ஜிம்மியைக் கட்டினேன், மச்சான்

இன்று பின்னேரம் எங்கள் கிணற்றடியில் குந்தியிருந்து கைக்கு மண் பூசினேன். உன் நாய் நக்கிய கை; எங்கள் மார்க்கத்தில் அதை ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணால். குசினிக்குள் இருந்தபடியே உம்மா எண்ணினா.

"மண் போட்டுத் தேச்சியா? அது ஒண்டு. இன்னும் ஆறு தரம் ஊத்து மகன். களவு செய்யாத, எனக்கு வாளிச் சத்தம் கேக்கும்."

ஈரமண் மணத்தோடு நீயும் வந்துவிட்டாய். நீ இருந்தபோது ஒவ்வொரு பின்னேரமும் என் கையில் இந்த மண்தான். மாதக்கணக்காக உன்னிடம் சொல்லாமல் திரிகிறேன், இனி ஏலாது. ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்து நீ கேட்டது ஒன்றே ஒன்று: "ஜிம்மியைக் கட்டாத, மச்சான்." நான் ஓம் என்றேன். பிறகு கட்டினேன்.

நான் பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன். நீ சோதனையில் பெயில். இரண்டு பேருக்கும் வேலை இல்லை. உனக்கு அது குறையாகவே தெரியவில்லை, எனக்கு உடம்பெல்லாம் அரித்தது. விடிந்ததும் துறையில் அக்கரைக்குப் போகும் பாதைப் படகு ஏறி, சீனன்குடாப் பக்கம் உன் வீட்டுக்கு வந்துவிடுவேன். வெள்ளைக்காரன் விட்டுப்போன எண்ணெய்த் தாங்கிகளுக்குப் பின்னால் காடு. ஜிம்மி கயிறில்லாமல் முன்னே போகும்.

"நாயின்ர காதைப் பார். அது திரும்புற பக்கம் குருவி இருக்கும்" என்பாய். நான் சருகை மிதிப்பேன். ஆள்காட்டிக் குருவி கத்தும். எல்லாம் பறந்துவிடும்.

"உனக்குக் காலில எறும்பா? குருவி உன்னைப் பாத்து முடியுமட்டும் நில்லன். பிறகு நீ அதைப் பாக்கலாம்."

நான் ஒருநாளும் நிற்கவில்லை.

ஜிம்மி தூரம் போனால் நீ விசில் அடிப்பாய். ஒரு நீளம், ஒரு கட்டை. சைக்கிளால் விழுந்து உன் முன்பல் பாதி உடைந்திருந்ததால் அந்தக் கட்டை விசிலில் காற்று ஒழுகும். எங்கே நின்றாலும் ஜிம்மி நாக்கைத் தொங்கவிட்டு ஓடி வரும். வாலில் இரண்டு கரண்டி தொங்குகிற கரிக்குருவி ஒன்று மேலே இருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருக்கும். பூனை மாதிரிக் கத்தும், பருந்து மாதிரிக் கத்தும். "உவன் கள்ளன். எங்கட வீட்டுக் கோழியின்ர குரலையும் எடுத்திட்டான்" என்று சிரித்தாய்.

காய்ச்சல் ஒரு கிழமையில் உன்னைக் கொண்டுபோனது.

உன் முப்பத்தோராம் நாள் சடங்கு முடிந்த பிறகு ஜிம்மியைக் காட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். தாங்கிகளைத் தாண்டியதும் விசில் கேட்டது. நீளம், கட்டை. காற்று ஒழுகியது. நான் நிமிர்ந்து அந்தக் கரிக்குருவியைக் காணுவதற்குள் ஜிம்மி போய்விட்டது. இரண்டு நாள் தேடினேன். யாரோ பன்றிக்குப் போட்ட கம்பிச் சுருக்கில் கிடந்தது, கால் தோல் உரிந்து. தூக்கிக்கொண்டு வந்தேன். உன் அம்மா வாசலில் நின்றா.

"என்னண்டு தம்பி ஓடினது?"

"முயலைக் கண்டது, அம்மா."

"இதையும் குடுக்க எனக்கு ஏலாது. கட்டு."

பலாமரத்தில் கட்டினேன். மூன்று முடிச்சு. அன்றிலிருந்து அது குரைக்கவே இல்லை. நான் வந்தால் வாலை மட்டும் ஆட்டும்.

இன்று காலை அந்தக் குருவி வேலியோர வீரை மரத்துக்கே வந்துவிட்டது. விசில் அடித்தது. ஜிம்மி எழும்பி இழுத்தது, கயிறு விறைத்து நின்றது. உன் அம்மா மா ஒட்டிய கையோடு வெளியே வந்தா.

"ஆர் அது?"

"குருவி, அம்மா. அண்டைக்கும் முயல் இல்ல. இதுதான்."

அவ அழவில்லை. இன்னொரு தரம் கேட்கும்வரை நின்றா. கேட்டது.

"பல்லு உடைஞ்சதுகூட விடுபடேல்ல" என்றா.

பிறகு மரத்தடியில் குந்தி நகத்தால் முடிச்சைக் கிள்ளத் தொடங்கினா. நான் இறுக்கிக் கட்டியிருந்தேன், நேரம் எடுத்தது.

"போய்ப் பாத்திட்டு வரட்டும். இல்லை எண்டு அதுக்கும் தெரியத்தானே வேணும். நீயும் பின்னால போ, தம்பி."

குருவி காட்டுக்குள் போக, ஜிம்மி போக, நானும் சுருக்கு இருக்குமோ என்று கண்ணால் தடவியபடி ஓடினேன். ஒரு பாலை மரத்தடியில் ஜிம்மி மேலே பார்த்தபடி இருந்தது. நானும் நின்றேன். உண்மையாகவே காலில் எறும்பு ஏறியது, ஆனாலும் நின்றேன். குருவி தலையைச் சரித்து என்னைப் பார்த்து முடித்தது. பூனை. கோழி. பிறகு நீ.

ஜிம்மிதான் முதலில் எழும்பியது. என்னிடம் வந்து கையை நக்கியது. கயிறில்லாமல் முன்னே நடந்து வீட்டுக்குப் போனது.

கிணற்றடியில் உன் விசிலை அடித்துப் பார்த்தேன். வெறும் காற்றுத்தான் வந்தது. என் பல் எல்லாம் முழுசாக இருக்கிறது.

"ஏழு. உள்ள வா" என்றா உம்மா. "நாளைக்கும் போறியா?"

"ஓம்."

உம்மா குசினி வாசலுக்கு வந்தா.

"அப்ப ஒரு சிரட்டையில மண் அள்ளிக் கிணத்தடியில வை. ஒவ்வொரு நாளும் தோண்டாத."

சிரட்டை நிறைய அள்ளி வைத்தேன்.