பலிபீடத்தில் போட்டது

நகக்கண்ணில் சிவப்புச் சாயம் ஏறியிருக்கிறது. சோப்புப் போட்டும் போகவில்லை. கரண்டு கம்பத்தில் மாட்டும் பீங்கானை உடைத்துச் சாயத்தில் ஊறப்போட்டால், சரியாக வெந்தது வெள்ளையாகவே இருக்கும். வேகாதது சிவப்பைக் குடித்துவிடும். இன்று உடைத்ததெல்லாம் குடித்திருந்தது. உன் ஞாபகம் வந்துவிட்டது. காமாலை உன்னைக் கொண்டுபோய் ஒரு வருஷம் ஆகப்போகிறது. இந்தக் கடிதத்தை எந்தத் தபால்பெட்டியில் போடுவது என்றெல்லாம் நான் யோசிக்கவில்லை.

இரண்டு பேரும் ஒன்றாக டிப்ளமா முடித்து, இதே விருத்தாசலத்தில் ஒரே பட்டறையில் சேர்ந்தோம். ஃபோர்மேன் வேலை உனக்குத்தான் என்று எல்லாருக்கும் தெரியும். அதை அறிவிக்க இருந்த வாரம் பார்த்து நீ சுட்ட சூளை வேகாமல் போனது. சரக்கு ஏற்ற வாசலில் லாரி நின்றது.

"கலவை சரியில்லன்னு சொல்லிடுடா, பழி மண்ணு மேல போயிடும்" என்றேன்.

நீ நேரே மேனேஜரிடம் போனாய். "நான் சுட்டதுங்க. வேகல. மழை பேஞ்சா கம்பத்துல கரண்டு எறங்கும். எவனாவது கைய வச்சா செத்துடுவான். அனுப்ப வேணாங்க." அவ்வளவுதான். ஃபோர்மேன் வேலை எனக்கு வந்தது.

எனக்கு ஆத்திரம். "பெரிய மகான்னு நெனப்பாடா?"

"மகானா? வயிறு எரியுதுடா. உன்ன அந்த நாற்காலில பாக்கவே புடிக்கல. வா, கோயிலுக்குப் போயிட்டு வரலாம்."

பழமலைநாதர் கோயிலில், பலிபீடத்தின் முன்னால் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தாய். 'நான்' என்பதை அங்கே போட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும் என்பாய். எனக்கு அது கல். தூணில் சாய்ந்து நின்றேன்.

"போன வெள்ளிக்கிழமையும்தான் போட்ட. என்ன ஆச்சு?"

"வூடு போய்ச் சேர்றதுக்குள்ள மொளச்சிடுதுடா. அதான் வாரா வாரம் வரேன்." புழுதியைத் தட்டிக்கொண்டே சிரித்தாய்.

இன்றைய சூளை நான் சுட்டது. "யாருய்யா சுட்டது?" என்று மேனேஜர் கத்தினார். மண்ணைச் சொல்லலாம், சூளை எரிக்கும் எண்ணெயைச் சொல்லலாம். வாய்வரை வந்தது. "நான்தாங்க. அனுப்பக் கூடாது" என்றேன். லாரி காலியாகத் திரும்பியது. நாளைக்கு அந்த நாற்காலி எனக்கு இருக்குமா, தெரியாது.

சாயங்காலம் கோயிலுக்குப் போனேன். இன்னமும் அது எனக்குக் கல்தான். ஆனால் உடம்பு அப்படி அசந்திருந்தது, விழுந்தேன். தரையில் பகல் வெயில் இன்னும் மிச்சமிருந்தது. எழுந்திருக்க மனமில்லை.

எழுந்ததும் முதலில் என்ன தோன்றியது தெரியுமா? நான் சொன்னதைப் பட்டறையில் நாலு பேர் கேட்டிருப்பார்கள், பெருமையாகப் பேசிக்கொள்வார்கள் என்று.

உனக்காவது வீடு வரைக்கும் தாங்கியது. எனக்குக் கொடிமரத்தடியிலேயே முளைத்துவிட்டது.

அலுப்பாகத்தான் இருக்கிறது. வெள்ளிக்கிழமை மறுபடி போகிறேன்.