சுபைதாவின் கவிகள்

வெள்ளிக்கிழமை, இரவு.

மௌத்தாகி மண்ணறை சேர்ந்துவிட்ட என் மனைவி சுபைதாவின் கவிகளையும் நான் இயற்றியதாகக் கணினி முடிவு சொல்லிவிட்டது. பெரிய அநியாயம்.

எங்கள் கவிகளைக் கணினியில் இட்டுப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்யும் தங்கை மகள் நஸ்ரின்தான் வந்து சொன்னாள். "ரெண்டு பேர்ர சொல்லும் ஒண்டாத்தான் இரிக்கி மாமா. அதால எல்லாம் பாடின ஒராள்தான் எண்டு மிசின் சொல்லுது."

"ஆளுக்கொரு சொல்லுப் பெட்டியோட பொறந்தமெண்டு உன்ட மிசினுக்கு ஆர் சொன்ன? பக்கத்துப் பக்கத்துத் தறியில இருந்து கவிக்குக் கவி சொன்ன ஆக்கள் நாங்க. அவ விட்ட சொல்லிலதான் நான் தொடங்குவன்."

"அத நாங்க நினைச்சே பாக்கல்ல மாமா."

கோபம் இன்னும் தீரவில்லை. ஆனாலும் அல்ஹம்துலில்லாஹ். எங்கள் இருவர் சொல்லையும் கணினியாலும் பிரிக்க முடியாது என்பதை இன்றுதான் அறிந்தேன்.

இனி நஸ்ரின் அந்தக் கவிகளில் சுபைதாவின் பெயரைத் திரும்பப் போட வேண்டும். எது யாருடைய கவி என்று நான் பாடிக் காட்ட வேண்டும். கணினி அதுவரை வாய் மூடியிருக்க வேண்டும்.