மேல் பொத்தான்

அண்ணா,

நேற்று நீ போன் செய்தாய். "படம் பார்த்தேன்டா. நல்லா நடிச்சிருக்க. நாங்க எல்லாரும் சிரிச்சோம்." ஓர் இடத்தில்கூடத் திக்காமல் சொல்லி முடித்து, நான் வாயைத் திறப்பதற்குள் வைத்துவிட்டாய்.

திக்கிப் பேசும் மெக்கானிக் என்றுதான் டைரக்டர் சொன்னார். வார்த்தை சிக்கும்போது உன்னைப் போலவே சட்டையின் மேல் பொத்தானைத் திருகியது நானாகச் சேர்த்தது. ஷாட் முடிந்ததும் செட்டே கை தட்டியது. "எங்கேப்பா புடிச்ச இதை?" என்றார் கேமராமேன். "சும்மா தோணிச்சு சார்" என்றேன்.

இப்போது உன் கடைக்கு வரும் பிள்ளைகள் பொத்தானைத் திருகிக்கொண்டே சாமான் கேட்கிறார்களாம். அண்ணிதான் சொன்னார்.

மூன்று வரி வசனத்தை நான் இதுவரை ஒரே டேக்கில் பேசியதில்லை. என் மனசு கோணக்கூடாதென்று நேற்றைய அந்த மூன்று வரியை நீ எத்தனை தடவை சொல்லிப் பார்த்திருப்பாய்?

இன்னொரு முறை போன் செய், அண்ணா. ஒத்திகை பார்க்காமல் என்னைத் திட்டு.

உன் தம்பி