கொக்கோத் தோட்டத்து வளைவில் சிவப்பு விளக்கு

மாத்தளை,
6.2.1954

தம்பி விஜயரத்தினத்துக்கு,

நாங்கள் நலம், உங்கள் நலம் அறிய ஆவல் என்று தொடங்கியிருக்க வேண்டும். கை வரவில்லை. நீங்கள் நலம் என்று கேள்விப்பட்டேன். காங்கேசன்துறையில் கடற்காற்றும் அரசாங்க வீடும் கிடைத்திருக்கிறதாம். என் தம்பி றஹீமுக்கு இங்கே மையவாடியில் ஆறடி கிடைத்தது.

பத்து மாதமாக அடக்கி வைத்த கோபத்தோடு எழுதுகிறேன். தெரிந்துகொண்டே படியுங்கள்.

போன வாரம் என் மகள் மஸூதா குர்ஆன் ஓதப் போன இடத்திலிருந்து அழுதுகொண்டு வந்தாள். "ஒன்ட மாமா தலையில்லாம, வெளக்கத் தூக்கிக்கிட்டு ரயில் ரோட்டுல நடக்கிறாராம்" என்று மற்றப் பிள்ளைகள் பயம் காட்டியிருக்கிறார்கள். றஹீமின் தோளில் ஏறிச் சந்தை பார்த்த பிள்ளை அது. இப்போது அவன் பெயரைச் சொன்னால் என் சேலைக்குள் முகத்தை மறைக்கிறாள்.

கொக்கோத் தோட்டத்து ரயில் வளைவின் பழைய கதை உங்களுக்கு நினைவிருக்கும். ரயில் பாதை போட்ட காலத்தில் பாறைக்கு வெடி வைத்தபோது செத்துப்போன வெள்ளைக்காரத் துரை ஒருவன், சிவப்பு விளக்கோடு அங்கே அலைகிறான் என்பார்கள். விளக்கைக் கண்டால் டிரைவர் ரயிலை நிறுத்துவார். இறங்கிப் பார்க்க ஒருவருக்கும் துணிவில்லை. ரயில் மறுபடி புறப்படுவதற்குள் சாமான் பெட்டிகளின் பூட்டு உடைந்திருக்கும். தேயிலையும் ஏலக்காயும் கொக்கோவும் புதருக்குள் போயிருக்கும். துரை செத்து எழுபது வருடத்துக்கு மேல். பேய்க்கு எதற்கு ஏலக்காய் என்று இந்த ஊரில் வாய் திறந்து கேட்டவன் றஹீம் ஒருவன்தான்.

லொறிக்காரன் புஹாரியை எல்லோருக்கும் தெரியும். அவனுடைய ஆட்கள் சந்தையில் ஒருவனைப் போட்டு அடித்தால் கடைக்காரர்கள் பலகையை இழுத்துச் சாத்துவார்கள். பிறகு கேட்டால், பார்த்தவன் ஒருவனும் இருக்க மாட்டான்.

நீங்கள் இங்கே ஸ்டேஷன் மாஸ்டராக இருந்தபோது றஹீம் ரயிலின் சாமான் பெட்டிகளுக்குக் காவல்காரன். போன வருடம் ஒரு நாள், பொழுது சாயும் மஃரிப் நேரத்தில் அந்த வளைவில் ரயில் நின்றதும் இறங்கி, விளக்கை நோக்கி நடந்து, அதைத் தூக்கியிருந்த கையைப் பிடித்தான். அது புஹாரியின் கை. உதறிக்கொண்டு ஓடிவிட்டான். றஹீம் நேரே உங்களிடம் வந்து சொன்னான். வீட்டுக்கு வந்து, "மாஸ்டர் புத்தகத்துல எழுதிட்டாரு ராத்தா. இனி அவனால ஒண்ணும் செய்ய ஏலா" என்றான். அன்றைக்கு நன்றாகச் சாப்பிட்டான். மூன்றாம் நாள் அதே வளைவில் செத்து மையத்தாகக் கிடந்தான்.

ஜனாஸா எடுத்து அடக்கம் செய்து நாலாம் நாள் உங்கள் மனைவி சரோஜினிதேவிக்கு வலி கண்டது. மருத்துவச்சி வரும்வரை அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தது நான். நீங்கள் வாசலில் நின்றீர்கள், என் முகத்தைப் பார்க்கவில்லை. பயத்தில் நிற்கிறீர்கள் என்று நினைத்து, ஆண்டவன் பார்த்துக்கொள்வான் என்று உங்களுக்கே ஆறுதல் சொன்னேன். அடுத்த வாரம் மரண விசாரணையில்தான் எனக்குக் காரணம் விளங்கியது. வெள்ளை உடுப்போடு நின்று, "றஹீம் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை" என்றீர்கள். நான் எழுந்து, சொன்னான் என்றேன். பெண்பிள்ளை வீட்டில் கேட்ட கதை என்று என்னை உட்காரச் சொன்னார்கள். ரயிலில் அடிபட்ட விபத்து என்று முடிவாயிற்று. துரை பழிவாங்கிவிட்டான் என்று ஊர் முடித்துக்கொண்டது. அடுத்த மாதம் உங்களுக்குக் காங்கேசன்துறைக்கு மாற்றம் வந்தது.

மஸூதா அழுத மறுநாள், பட்டப்பகலில் அந்த வளைவுக்குப் போனேன். பாறையில் சிவப்புத் துணி கட்டி, விளக்கு வைத்து, தேங்காய் உடைத்திருந்தார்கள். அவனைக் கொன்றது போதாதென்று பேயாக்கி, அந்தப் பேய்க்குப் படையலும் வைத்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் இழுத்துப் பள்ளத்தில் எறிந்தேன். ரோட்டில் லொறியை நிறுத்திவிட்டுப் புஹாரி வந்தான். "அதத் தொட வேணாம் ராத்தா, அவன்ட ஆவி சும்மா இருக்காது" என்று என்னிடமே சொன்னான். "செத்தவனுக்கு நான் பயமில்ல. உசிரோட நிக்கிற ஒனக்கும் பயமில்ல" என்றேன். வீட்டுக்கு வந்த பிறகுதான் மஸூதாவை உள்ளே அழைத்துக் கதவைத் தாழிட்டேன்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். எல்கடுவத் தோட்டத்திலிருந்து தேயிலைப் பெட்டி கொண்டுவரும் அழகமுத்து, போன மாதம் விளக்குப் பிடித்த புஹாரியை நேரில் கண்டான். கண்டதற்காக அவன் வலது கையை முறித்திருக்கிறார்கள். புதிதாக வந்திருக்கும் நீதவான் 22ஆம் திகதி விசாரிக்கிறார். நீங்களும் சாட்சி சொன்னால் றஹீமின் வழக்கையும் திறக்கலாம் என்று எங்களுக்காக வாதாடும் பிரக்கிராசி சொல்கிறார். அழகமுத்துவிடம் பயமில்லையா என்று கேட்டேன். "பயந்தாங்க. பிரஜாவுரிமை இல்லேன்னு ஏற்கனவே சொல்லிட்டாங்க, லயத்து வீட்ட விட்டும் தொரத்துவாங்க. அதுக்காகக் கண்டதக் காணலேன்னு சொல்ல முடியுங்களா?" என்றான். அவன் கைநாட்டு வைக்கிறவன். நீங்கள் மூன்று பாஷை படித்தவர்.

காலை பத்து மணிக்கு வழக்கு. வாருங்கள். உங்கள் மகள் நீண்ட ஆயுளோடு இருக்கத் தினமும் துஆச் செய்கிறேன். அதில் மட்டும் கோபம் கலக்கவில்லை.

இப்படிக்கு,
சொந்த அக்காவைப் போல ராத்தா என்று நீங்கள் கூப்பிட்ட
கைறுன்னிஸா


மாத்தளை,
24.2.1954

தம்பி விஜயரத்தினத்துக்கு,

21ஆம் திகதி பின்னேர ரயிலில் நீங்கள் வரவில்லை. சரோஜினிதேவி வந்தாள். இடுப்பில் பிள்ளை, கையில் ஒரு பை, கூட ஒருவரும் இல்லை.

என் கடிதத்தை நீங்கள் அடுப்பில் போடப் போனபோது பிடுங்கிப் படித்தாளாம். பைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்துத் தந்தாள். ஸ்டேஷன் புத்தகத்துத் தாள். றஹீம் சொன்னது, புஹாரியின் பெயர், நேரம், கீழே உங்கள் கையெழுத்து. "இவர் கிழிச்சுக்கொண்டு வந்து பெட்டிக்குள்ளை வைச்சவர், ராத்தா. எரிக்கவும் பயம், குடுக்கவும் பயம். நான் அதுக்கு மேலை சீலையை அடுக்கிக்கொண்டு இருந்தனான்" என்றாள். அவள் மேலும் எனக்குக் கோபம் வந்தது. பிள்ளையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தேன்.

ஆனால் நீதிமன்றத்தில் அவள் பேசியதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். புஹாரியின் ஆட்கள் இரண்டு பேர் உங்கள் வீட்டுக்கு வந்ததையும், "புள்ள நல்லபடியாப் பொறக்கணும்னா மாஸ்டர் வாய மூடிக்கிட்டு இருக்கட்டும்" என்று அவள் வயிற்றைப் பார்த்துச் சொன்னதையும் அப்படியே சொன்னாள். பின்னால் நின்ற புஹாரியின் ஆட்கள் மிரட்டலாகச் செருமினார்கள். அவள் திரும்பவில்லை. அடுத்து அழகமுத்து, கட்டுப் போட்ட கையோடு ஏறி நின்று தான் கண்டதைச் சொன்னான். புஹாரியை விளக்கமறியல் சிறையில் வைக்க உத்தரவாகிவிட்டது. அவனைக் கொண்டு போகும்போது வெளியில் நின்ற கூட்டம் ஒதுங்கி வழிவிட்டது. இன்னும் பயம்தான்.

நீதவான் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, இதை எழுதியவர் எங்கே என்று கேட்டார். சரோஜினிதேவி தலையைக் குனிந்துகொண்டாள். அன்று முழுக்க அவள் தலை குனிந்தது அந்த ஒரு தடவைதான். புஹாரி மேல் வந்ததைவிட அந்த நேரம் உங்கள் மேல் எனக்கு ஆத்திரம் வந்தது.

அடுத்த தவணை மார்ச் 15. அதுவரை அவள் என் வீட்டில் இருக்கிறாள். நீங்கள் வராமல் தான் திரும்புவதில்லை என்கிறாள். இரு என்று நான் சொல்லவில்லை. போ என்றும் சொல்ல மாட்டேன். பிள்ளை சுவரைப் பிடித்து நாலு அடி வைக்கிறாள்.

அழைப்பாணை உங்களைத் தேடி வரும். அதற்கு முன் நீங்களாக வாருங்கள். ரயிலைவிட்டு இறங்கினால் வேறெங்கும் போகாமல் நேரே நம் வீட்டுக்கு வாருங்கள். நான் உங்களோடு பேசாமல் இருக்கலாம். சோறு இருக்கும்.

அல்லாஹ் உங்கள் நாவுக்குப் பலம் தரட்டும்.

ராத்தா,
கைறுன்னிஸா