வைஃபையை அணைத்த பிறகு

வியாழன், இரவு.

சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை. நாடெங்கும் உள்ள லாட்ஜ்காரர்கள் விவரம் ஏற்றுவதற்கான எங்கள் சுற்றுலாப் புள்ளிவிவரத் தளத்தை நாளை இங்கே டெல்லியில் அமைச்சர் திறந்துவைக்கிறார். இன்று காலையில் ஒத்திகை. திரையில் எல்லாம் பளிச்சென்று வந்தது, எல்லோரும் கை தட்டினார்கள்.

"சார், ஆபீஸ் வைஃபையை பந்த் பண்ணிட்டு உங்க போன்ல பாருங்க" என்றேன்.

எங்கள் டைரக்டர் தன் போனில் வைஃபையை அணைத்தார். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. எங்கள் கட்டடத்துக்குள் மட்டும் திறக்கிற தளம்!

"இத்தனை பேர் முன்னாடியா சொல்லணும்?" என்று பொரிந்து தள்ளினார், கும்பகோணத்துக்காரரான டைரக்டர்.

மாலைக்குள் சரிசெய்துவிட்டார்கள். கோல் மார்க்கெட்டில் ஜிலேபி வாங்கிக்கொண்டிருந்தபோது, மதுரையில் லாட்ஜ் நடத்தும் நாத்தனார் போனில் கூப்பிட்டாள்; தளம் அங்கே திறக்கிறதா என்று பார்க்கச் சொல்லியிருந்தேன்.

"அண்ணி, திறந்துருச்சு! எங்க லாட்ஜ் விவரத்தையும் ஏத்திட்டேன்!"

இந்த வருஷம் என் வேலைக்கு மதிப்பெண் போடப்போவது அந்த டைரக்டர்தான். போடட்டும். மதுரையில் திறக்கிறது.