தூங்குமூஞ்சி மரத்துக் குடித்தனம்

வானவடி, புனே
18 மார்ச் 2025

சி-303, திருமதி ஷஃபானா அவர்களுக்கு,

வணக்கம். சொசைட்டி செயலாளர் அருணாச்சலம் எழுதுவது. இப்படிப்பட்ட கடிதங்களை இங்கிலீஷில் எழுதி நோட்டீஸ் போர்டில் ஒட்டுவதுதான் என் வழக்கம். இந்த நாற்பத்தெட்டு வீடுகளில் தமிழ் படிக்கத் தெரிந்தது நம் இரண்டு வீடு மட்டும் என்பதால், உங்கள் மானத்தைக் காப்பாற்றத் தமிழில் எழுதி வாட்ச்மேன் சுனிலிடம் கொடுத்தனுப்புகிறேன்.

ஒரு வாரமாக என் கார் மேல் கொட்டைகள் விழுகின்றன. கூடவே ஈரமான கசடு வேறு. காருக்கு நேர் மேலே இருப்பது உங்கள் சமையலறை ஜன்னல். நோன்பு மாதம் என்று எனக்கும் தெரியும். பேரீச்சம்பழம் சாப்பிடுவதை நான் குறை சொல்லவில்லை. கொட்டையைக் குப்பைக் கூடையில் போடலாம் அல்லவா?

இன்னொன்று. அங்கே இருக்கும் தூங்குமூஞ்சி மரத்தின் பெரிய கிளையை மழைக்கு முன் வெட்ட அனுமதி வந்துவிட்டது. ஏப்ரல் 21 அன்று ஆட்கள் வருகிறார்கள். பொந்துகளையும் சிமென்ட் வைத்து அடைக்கச் சொல்லியிருக்கிறேன். அன்று ஜன்னலைச் சாத்தி வைக்கவும்.

இப்படிக்கு,
சுபேதார் (ஓய்வு) அருணாச்சலம்


சி-303
19 மார்ச் 2025

அருணாச்சலம் சார் அவர்களுக்கு,

உங்கள் நலமும் மல்லிகா அக்கா நலமும் விசாரித்துவிட்டுத் தொடங்கத்தான் ஆசை. ஆனால் கோபமாக இருக்கிறேன். விசாரிப்பு அடுத்த கடிதத்தில்.

இந்தக் கவரில் ஒரு பேரீச்சங்கொட்டை வைத்திருக்கிறேன். கழுவித்தான் வைத்தேன், பயப்படாதீர்கள். நீளமாக, நடுவில் ஒரு கோடோடு இருக்கிறதா? உங்கள் கார் மேல் கிடப்பதையும் எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அது உருண்டையாக இருக்கும். பட்டாளத்தில் இருந்தவர், சாட்சியம் பார்க்காமலே தீர்ப்புச் சொல்லலாமா?

போடுகிறவள் யார் என்று நான் சொல்கிறேன். என் ஜன்னலுக்கு நேரே, நீங்கள் வெட்டப் போகும் அதே கிளையில் ஒரு பொந்து. அதற்குள் ஒரு பெண் இருவாச்சி இருக்கிறாள். இங்கே தனேஷ் என்கிறார்கள். முட்டையிடும் காலம் வந்ததும் உள்ளே போய், மண்ணையும் தன் எச்சத்தையும் குழைத்து வாசலைத் தானே பூசிக்கொண்டாள். அலகு நுழைகிற அளவுக்கு ஒரு கீறல்தான் பாக்கி. வீட்டுக்காரர் வெளியிலிருந்து பழம் கொண்டுவந்து ஊட்டுகிறார். தின்றுவிட்டுக் கொட்டையையும் குப்பையையும் அந்தக் கீறல் வழியே வெளியே தள்ளுகிறாள். வீட்டைச் சுத்தமாக வைத்திருக்கிறாள், அவ்வளவுதான். கீழே யார் கார் நிற்கிறது என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜூன் வரை அந்தக் கிளையைத் தொடாதீர்கள் சார்.

ஷஃபானா


22 மார்ச் 2025

திருமதி ஷஃபானா அவர்களுக்கு,

கொட்டை விஷயத்தில் நான் சொன்னது தவறு. வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

கிளை விஷயத்தில் மாற்றமில்லை. போன மழையில் இதே மரத்தின் சின்னக் கிளை முறிந்து, ப்ரீதி குல்கர்ணி ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நாலடி நகர்ந்ததும் விழுந்தது. மனுஷர் தலையில் விழுந்தால் பதில் சொல்வது நான். எட்டு வருஷமாகப் போட்ட உத்தரவை மாற்றியதில்லை. பறவைக்கு ஊரில் வேறு மரமா இல்லை?

உங்கள் ஆட்சேபத்தைக் கூட்டத்தில் வைக்கவும் வழியில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் பேச விதிகளில் இடமில்லை. தவறாக எண்ண வேண்டாம்.

அருணாச்சலம்


23 மார்ச் 2025

சார்,

வேறு மரத்துக்கு அவள் எப்படிப் போவாள்? உள்ளே போனதும் சிறகில் உள்ள இறகுகளை உதிர்த்துவிட்டாள். இப்போது பறக்க முடியாது. வாசலும் அடைத்திருக்கிறது. கிளை விழுந்தால் அவளும் முட்டையும் சேர்ந்து விழ வேண்டியதுதான். கொந்த்வா பக்கம் இருக்கும் எங்கள் கடைக்குத் தோல் பை வாங்க வரும் ஓர் அம்மா பறவைகளைப் பற்றிப் படித்தவர். அவரிடம் இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்டுதான் எழுதுகிறேன்.

நாங்கள் வாடகைக்காரர்கள்தான். கூட்டத்தில் வாய் திறக்க முடியாது. இந்தக் கட்டடத்தில் நான் எழுதுவதைப் படித்துவிட்டு ஏதாவது செய்யக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான். அதனால்தான் வெட்கத்தை விட்டுக் கேட்கிறேன். பெருநாள் அன்று மல்லிகா அக்காவைக் கூட்டிக்கொண்டு சாப்பிட வாருங்கள். ஜன்னலோரம் நாற்காலி போட்டு வைக்கிறேன். அரை மணி நேரம் உட்காருங்கள். அதன் பிறகும் வெட்டத்தான் வேண்டும் என்று தோன்றினால் நான் மறுபேச்சுப் பேச மாட்டேன்.

ஷஃபானா


2 ஏப்ரல் 2025

அன்புள்ள ஷஃபானாவுக்கு,

அரை மணி என்றீர்கள். பெருநாள் அன்று பன்னிரண்டரைக்கு உட்கார்ந்தவன் நாலு மணிக்குத்தான் எழுந்தேன். பிரியாணி அதற்குள் இரண்டு முறை சூடாகிவிட்டது. மன்னிக்கவும்.

அந்த ஆண் பறவை பதினோரு தடவை வந்தான். எண்ணினேன். ஒவ்வொரு தடவையும் முதலில் பக்கத்துக் கிளையில் உட்கார்ந்து நாலாபக்கமும் பார்க்கிறான். ஆபத்தில்லை என்று தெரிந்த பிறகுதான் பொந்துக்கு வருகிறான். எங்கள் ரெஜிமென்ட்டில் காவல் மாற்றும்போதுகூட இவ்வளவு ஒழுங்கு கிடையாது. பிறகு தொண்டையிலிருந்து அத்திப்பழத்தை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுவந்து கீறலில் நீட்டுகிறான். உள்ளேயிருந்து அலகு நுனி மட்டும் வந்து வாங்கிக்கொள்கிறது.

மல்லிகா சொன்னது உங்கள் காதிலும் விழுந்திருக்கும். "ஏங்க, பாத்தீங்களா? கேக்காமலே கொண்டாந்து குடுக்குது. நீங்க ஒரு கொத்தமல்லிக் கட்டு வாங்கிட்டு வர நான் மூணு போன் போடணும்." வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பேச்சு ஓயவில்லை.

நேற்று கூட்டம் கூட்டினேன். என் உத்தரவை நானே ரத்து செய்கிறேன் என்றதும் சில பேர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கிளை விழுந்தால் என்ன செய்வீர்கள் என்று ப்ரீதி குல்கர்ணி கேட்டார். நியாயமான கேள்வி. அதனால் கிளைக்கு அடியில் யாரும் நடக்காதபடி கயிறு கட்டிவிட்டேன். அங்கே வண்டி நிறுத்துகிறவர்களுக்கு எதிர்ப்பக்கம் இடம் கொடுத்தாகிவிட்டது. கயிற்றுக்குள்ளே என் கார் ஒன்றுதான் நிற்கும். விழுந்தால் அதன் மேல் விழட்டும் என்றேன். எல்லோரும் கை தூக்கினார்கள்.

அருணாச்சலம்


29 மே 2025

அன்புள்ள ஷஃபானா,

நீங்கள் காலையிலேயே கடைக்குப் போய்விட்டதால் அவசரமாக எழுதிக் கதவிடுக்கில் வைக்கிறேன்.

மழை இவ்வளவு சீக்கிரம் வருமென்று யார் கண்டது? நாலு நாளாகக் கிளை ஆடுகிற ஆட்டத்தில் எனக்குச் சோறு இறங்கவில்லை. நேற்று தாய் சுவரை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள். என்ன அழகு! இன்று ஆறு மணிக்குப் போய்ப் பார்த்தால் பொந்து மறுபடியும் பூசிக் கிடக்கிறது. குஞ்சுகள் உள்ளே. எனக்கு உயிரே போய்விட்டது. மார்ச் மாதம் நான் சிமென்ட் பூசச் சொன்னதை இப்போது போய்ச் செய்துவிட்டாரோ என்று தோட்டக்காரரைப் பிடித்துக் கண்டபடி திட்டிவிட்டேன். "சாஹேப், நான் ஏணியையே தொடல" என்று அவர் அழாத குறை. யார் செய்தது? உடனே சொல்லுங்கள்.

அருணாச்சலம்


29 மே 2025, மதியம்

அன்புள்ள அண்ணனுக்கு,

முதலில் உட்கார்ந்து ஒரு டம்ளர் தண்ணீர் குடியுங்கள். பூசியது குஞ்சுகள்தான். அம்மா வெளியே போனதும் அதுகளே உள்ளிருந்து வாசலை அடைத்துக்கொள்ளும். பறவைகளைப் பற்றிப் படித்த அந்த அம்மாவுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டேன். இனிமேல் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து ஊட்டுவார்கள். இரண்டு வாரத்துக்குள் பறந்துவிடும்.

பிறந்து வெளியுலகமே பார்க்காததுகள், பூச்சு வேலை எங்கே கற்றதோ! எங்கள் வீட்டுச் சுவர் ஒழுகுகிறது, இதுகளை அனுப்பி வைக்கிறீர்களா?

தோட்டக்காரரிடம் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள். மார்ச்சில் நான், மே மாதத்தில் அவர். ஜூனில் யார் மாட்டப் போகிறார்களோ தெரியவில்லை.

உங்கள் தங்கை,
ஷஃபானா


வானவடி
12 ஜூன் 2025

அன்புத் தங்கை ஷஃபானாவுக்கு,

பக்ரீதுக்கு ஆம்பூர் போனவர்கள் எல்லோரும் சுகம்தானே? போனில் சொன்னால் இரண்டு நிமிஷத்தில் தீர்ந்துவிடும். இதை அப்படித் தீர்க்க மனமில்லை. அதனால் ஸ்பீட் போஸ்ட்.

பறந்துவிட்டன அம்மா! இரண்டும் பறந்துவிட்டன!

செவ்வாய்க்கிழமை காலை மூத்தது சுவரை உடைத்து, தலையை நீட்டி, ஒரு நிமிஷம்கூட யோசிக்காமல் எதிர் வேப்பமரத்துக்குப் போய்விட்டது. இளையது நல்ல பிடிவாதம். தலையை நீட்டும், கீழே பார்க்கும், உள்ளே போய்விடும். நேற்று முழுக்க இதே கதை. தாய் ஒரு பழத்தை அலகில் வைத்துக்கொண்டு எட்டடி தள்ளி உட்கார்ந்துவிட்டாள். கொடுக்கவும் இல்லை, போகவும் இல்லை. கயிற்றுக்கு வெளியே கூட்டம் சேர்ந்துவிட்டது. ஆபீஸ் போக வேண்டியவர்கள் ஹெல்மெட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். ப்ரீதி குல்கர்ணி மராத்தியில் "வா கண்ணு, வா" என்று குழந்தையைக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுகிறார். தோட்டக்காரர் என் பக்கத்தில் நின்று என் கையைப் பிடித்திருந்தார். எப்போது பிடித்தார் என்று இருவருக்குமே தெரியாது.

இன்று ஏழே முக்காலுக்கு வெளியே வந்தது. நேராகப் பறக்கத் தெரியவில்லை. கொஞ்சம் இறங்கி, கூட்டத்தின் தலைக்கு மேல் வளைந்து, கடைசியில் பி-விங் துணி காயப்போடும் கம்பியில் போய் உட்கார்ந்தது. எல்லோரும் கைதட்டினோம். நான் அழுதேன். மறைக்கவும் இல்லை.

உங்கள் ஜன்னல் சாத்தியிருந்ததைப் பார்த்தபோதுதான் மனம் கொஞ்சம் கஷ்டப்பட்டது. பார்க்க வேண்டியவர் நீங்கள்.

அன்புடன்,
அருணாச்சலம் அண்ணன்


ஆம்பூர்
17 ஜூன் 2025

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும்,

கடிதத்தை நாலு தடவை படித்தேன். ஐந்தாவது தடவை வீட்டில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். கம்பியில் உட்கார்ந்த இடத்தில் எல்லோரும் கைதட்டினார்கள்.

உங்களிடம் மறைத்த ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். மார்ச்சில் உங்கள் முதல் கடிதம் வந்த அன்று என் வீட்டுக்காரர் ரஃபீக்குக்கு மனசு உடைந்துவிட்டது. "நோன்பு வெச்ச வீட்டைப் பாத்து இப்படி எழுதிட்டாரே. இந்த இடமே வேணாம்" என்று மறுநாளே ஊரின் மறுபக்கம் லோஹேகாவில் வேறு வீடு பார்த்துவிட்டு வந்தார். அந்தப் பறவை வெளியே வரும்வரை பொறுங்கள் என்று நான்தான் கெஞ்சினேன். ஜூன் முடிந்ததும் கிளம்புவதென்று பேச்சு. உங்களை அண்ணன் என்று எழுதிய அன்றும் மனசுக்குள் இது உறுத்திக்கொண்டுதான் இருந்தது.

உங்கள் கடிதத்தைப் படித்து முடித்ததும் அவரிடம் போய் நின்றேன். "குஞ்சு பறந்துடுச்சு. இனிமே நீங்க சொல்றபடி" என்றேன்.

அவர் புனே திரும்புவதற்காகப் பெட்டியில் துணி அடுக்கிக்கொண்டிருந்தார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"லோஹேகாவ் வீட்டை நான் நோன்புப் பெருநாள் சாயங்காலமே வேணாம்னு சொல்லிட்டேன். மனுஷன் மூணரை மணி நேரம் நாற்காலிய விட்டு எழுந்திரிக்கலையே, அப்பவே. நீ கேக்கல, நானும் சொல்லல. இந்தப் பையைக் கொஞ்சம் புடி, அண்ணனுக்கு மக்கன் பேடா வாங்கியிருக்கேன், நசுங்கிடப் போவுது."

உங்கள் தங்கை,
ஷஃபானா