ஸ்விட்சில் தொங்கும் பேர்

அன்புள்ள வாலுவுக்கு, அப்பா எழுதறேன். நானும் அம்மாவும் சுகம், நீயும் அப்படியே இருக்கணும்னு இன்னிக்குக் கொஞ்சம் அழுத்தியே வேண்டிக்கிட்டு ஆரம்பிக்கறேன். அம்மாவுக்கு முட்டிவலி தேவலை, அக்கா போன வாரம் வந்து சண்டை போட்டுட்டுப் போனா, வழக்கம்போலத்தான்.

உன் கடுதாசி வந்துச்சு. உங்க பேக்டரியில நாலு பேருக்கு ஒரே பேரு, நீ யோவான், ஒருத்தன் இவான், ஒருத்தன் யுவான், ஒருத்தன் ஜான், எல்லாம் எபிரேயத்துல இருந்து வந்த ஒரே பேருதான், 'கடவுள் இரங்கினார்'னு அர்த்தம், மேஸ்திரி வாய் நோகாம எல்லாருக்கும் மெஷின்ல மாட்டற பேர் அட்டையில ஜான்னே எழுதிடறார்னு சிரிப்பா எழுதியிருந்தே. அம்மா சிரிச்சா. எனக்குச் சிரிப்பு வரலைடா. உன் சித்தப்பா பேரைத்தான் உனக்கு வெச்சோம், அது தெரியும், அவன் எப்படிப் போனான்னு உனக்குச் சொன்னதில்லை. எங்க ரொட்டிக் கம்பெனியில மாவு பிசையற மெஷினுக்குள்ள இறங்கிக் கழுவறவன் தன் பேர் அட்டையை ஸ்விட்சுல மாட்டிட்டுத்தான் இறங்கணும், அவனே ஏறி வந்துதான் கழட்டணும், வேற யாரும் தொடக்கூடாது. அங்கே ஒரு யுவான் இருந்தான், வேற நாட்டு ஆளு, தங்கமான பையன். அவன் அட்டையிலயும் ஜான், உன் சித்தப்பா அட்டையிலயும் ஜான். காலையில அந்த மெஷினைக் கழுவினவன் யுவான். மத்தியானம் அந்தப் பக்கம் வந்தவன், அடடா நம்ம அட்டையைக் கழட்ட மறந்துட்டோமேன்னு கழட்டிட்டு ஸ்விட்சைப் போட்டான். உள்ளே உன் சித்தப்பா இருந்தான். கடவுள் இரங்கினாராம்.

அதனால சொல்றேன், உன் அட்டையில நீயே வாலுன்னு எழுதி மாட்டு, சிரிக்கறவன் சிரிச்சுட்டுப் போகட்டும். யோவான் ஊருக்கு ஊர் இருப்பான், வாலு ஒருத்தன்தான். வேளைக்குச் சாப்பிடு.

இதுவரைக்கும் எழுதிட்டு இருக்கும்போது எதிர் மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். உங்க கம்பெனியிலிருந்து அவர் கடைக்கு போன் வந்துச்சாம், ஜான் ஜான்னு சொன்னானாம், மத்ததெல்லாம் அவங்க பாஷை, பாதியில லைன் போயிடுச்சாம். திரும்பப் பண்ணினா மணி அடிக்குது, எடுக்க ஆளில்லை. அம்மாகிட்ட சொல்லலை. எந்த ஜானுக்கு எந்த வீடுன்னு அவனுக்கு மட்டும் எப்படித் தெரியும், மாத்திப் பண்ணியிருப்பான்னு எனக்கு நானே சொல்லிக்கறேன். நாலு பேர்ல நீயா இருக்கக்கூடாதுன்னு வேண்டிக்கிட்டேன். அப்படி வேண்டினா இன்னொரு அப்பன் தலையில போடுன்னுதானே அர்த்தம். தெரிஞ்சேதான் வேண்டினேன்.

நல்லா இருடா கண்ணு, என் ஆயுசையும் சேர்த்து இரு. கையோட பதில் எழுது. கீழே வாலுன்னு கையெழுத்துப் போடு, பேரைப் போட்டா நான் நம்ப மாட்டேன்.

இப்படிக்கு,
வாலுவோட அப்பா